வானம் காய ஆறு மாதம்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. அவளைவிட வயதில் எவ்வளவோ மூத்த வாட்ச்மேனும் அக்கா என்பார், தலைமை டாக்டரும் அக்கா என்பார். வீட்டில் அந்தப் பெயர் செல்லாது. வீட்டில் அவள் ஒரு பாலிஷ்காரரின் மனைவி, வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா, அப்புறம் தினமும் சாயங்காலம் சமையல் மேடையை வளைத்துப் போட்டு ஒரு வானத்தை வரைந்துகொண்டு, மனுஷனை ஒரு வாய் டீ போட்டுக் குடிக்க விடாத ஆள். இந்தக் கடைசிக் குற்றச்சாட்டு பாலிஷ்காரருடையது. மற்றபடி அவளைப் பற்றி அவர் ஒரு குறையும் சொன்னதில்லை, புகழ்ந்தும் சொன்னதில்லை. புகழ்கிற வேலையை மனசுக்குள்ளேயே செய்துகொள்கிற ஜாதி அவர்.

பாலிஷ்காரர் என்றால் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். வீட்டுக்குப் பின்னாலேயே தகரக் கூரை போட்ட பட்டறை. அலமாரி, கட்டில், நாற்காலி என்று எது வந்தாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அரக்குக் கரைத்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். அவர் முடித்த மேஜையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். பளபளப்பு வரும்வரை ஒரு சாமானைக் கையைவிட்டு அனுப்ப மாட்டார். பளபளப்பு வந்தால்தான் வேலை முடிந்தது என்பது அவர் கணக்கு.

அவள் வேலை பார்க்கும் அறைக்கோ வெளிச்சமே ஆகாது. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், கடைசியில் இருக்கிறது எக்ஸ்ரே அறை. ஈயத்தகடு பதித்த கனமான கதவு, எந்நேரமும் எரியும் குழல் விளக்கு, ஒரு மூலையில் கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய சின்னக் கூண்டு. ஜன்னல் என்கிற பேச்சே கிடையாது. காலையில் சரிவுப் பாதையில் இறங்கினால் சாயங்காலம்தான் மேலே ஏறி வருவாள். மதியச் சாப்பாடும் அங்கேயே, அதே விளக்கின் கீழேயே.

பல வருஷம் அப்படித்தான் போயிற்று. ஒருநாள் மத்தியானம் கால் சுளுக்கிக்கொண்டு வந்த ஒருவர் தலைமுதல் கால்வரை சொட்டச்சொட்ட நனைந்திருந்தார். வெளியே மழையா என்று இவள் கேட்டாள். அந்த மனிதர் வலியையும் மறந்து இவளை ஏற இறங்கப் பார்த்தார். காலையிலிருந்து ஊரே மிதக்கிறது, இது தெரியாமல் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அவளுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. அன்று சாயங்காலம் மேலே ஏறி வந்தவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடவில்லை. சரிவுப் பாதையின் உச்சியில், தள்ளுபடுக்கைகளுக்கு வழிவிட்டு ஓரமாக நின்று, கழுத்து வலிக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும், பார்த்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல வரவில்லை. மறுநாள் கடைக்குப் போய் வண்ணம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

முதலில் தண்ணீரில் கரைக்கிற வண்ணத்தைத்தான் வாங்கினாள். அது அவளோடு ஒத்துப்போகவில்லை. இவள் யோசித்து முடிப்பதற்குள் அது காய்ந்துபோய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் எண்ணெய் வண்ணம் வந்தது. அது அவள் குணத்துக்குச் சரியாக அமைந்தது. சாயங்காலம் முழுக்க ஈரமாகவே இருக்கும். மேகத்தை இந்தப் பக்கம் தள்ளலாம், பிடிக்கவில்லையென்றால் அந்தப் பக்கம் இழுக்கலாம், விளிம்பை விரலால் கலைக்கலாம். கோபித்துக்கொள்ளாது. பலகைகளைப் பாலிஷ்காரர் கொடுத்தார். அலமாரிக்கு முதுகுத்தகடு அறுத்ததில் மிஞ்சிய ஒட்டுப்பலகைத் துண்டுகளைத் தேய்த்து, வெள்ளைப் பூச்சு கொடுத்து, உலர்த்திக் கொண்டுவந்து வைப்பார். வண்ணம் குழைக்கிற கண்ணாடிகூட ஏதோ ஒரு பீரோக் கதவிலிருந்து கழன்றதுதான்.

முதல் வானத்தைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது. மெத்தையைப் பிரித்துப் பஞ்சைக் கொட்டி வைத்தமாதிரி இருந்ததாம். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளும் சேர்ந்துகொண்டு அம்மாவுக்கு மெத்தைக்கடை என்று பட்டம் கட்டினாள். ரொம்ப நாள் அந்தப் பெயர் நிலைத்திருந்தது. மற்றவர்களாக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வாங்கியதையெல்லாம் பரணில் போட்டிருப்பார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் இன்னொரு மெத்தை வரைந்தாள். அதற்கு மறுநாள் இன்னொன்று. எப்போது அது மெத்தையாக இருப்பதை விட்டுவிட்டு வானமாயிற்று என்று அவர்கள் யாருக்கும் நினைவில்லை. ஒருநாள் பாலிஷ்காரர் டீ போடப் போனவர், மேடையில் இருந்த பலகையைப் பார்த்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்க மறந்து நின்றுவிட்டார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. போனில் படம் பிடிக்க மாட்டாள். சரிவுப் பாதையின் உச்சியில் நின்று பார்ப்பதுதான் பார்வை. பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வருவாள். தூங்குகிறாள் என்று கண்டக்டர் நினைப்பார். வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, மேடையில் பழைய பேப்பரை விரித்தால் சமையல் நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஒரே உட்காரலில் ஒரு வானம். முடிந்தால் முடிந்ததுதான். மறுநாள் எடுத்துத் திருத்துவது, ஒட்டுப்போடுவது எதுவும் கிடையாது. அந்த மூலையில் கொஞ்சம் மஞ்சள் வைத்தால் எடுப்பாக இருக்குமே என்று ஒருதடவை பாலிஷ்காரர் சொல்லிப் பார்த்தார். நேற்றைய வானத்தை இன்றைக்குத் திருத்த நான் யார் என்று கேட்டுவிட்டாள். ஈரப் பலகைகள் துணி உலர்த்தும் கொடியில், கிளிப் மாட்டித் தொங்கும். அதனால் அந்த வீட்டில் யார் சட்டையை எடுத்துப் பார்த்தாலும் எங்காவது ஒரு துளி நீலம் இருக்கும்.

மாடிவீட்டில் இருந்த ஓய்வுபெற்ற பூகோள டீச்சருக்கு இந்தப் படங்கள் விஷயத்தில் மனத்தாங்கல். நேற்று வானம் இப்படிச் சிவக்கவே இல்லை, நான் மொட்டை மாடியில்தானே இருந்தேன் என்பார். இந்த மாசத்தில் இந்த மேகம் வருவதற்கு வழியே இல்லை என்பார். அவர் சொல்வது முழுக்க உண்மை. ஊர் பார்த்த வானம் வேறு, இவள் வரைந்த வானம் வேறு. மேகங்களை வாங்கிக்கொள்வாள், வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதை வாங்கிக்கொள்வாள். அதற்குமேல் அன்றைக்கு அவளுக்குள் என்ன ஓடியதோ அதுதான் பலகையில் ஏறும்.

“நீங்க சொல்றது சரிதான் டீச்சர். உங்களுக்குச் செவக்கல. எனக்குச் செவந்துச்சு” என்பாள்.

பாலிஷ்காரர் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். எலும்பு முறிந்த குழந்தைகள் வந்துபோன நாட்களில் மேகம் சின்னச்சின்னதாக, கிழிந்து கிழிந்து இருக்கும். மேலதிகாரியோடு முட்டிக்கொண்ட நாட்களில் வண்ணம் குழைக்கிற கத்தியால் அப்பி, கீற்றுக்கீற்றாக இழுத்திருப்பாள். நிம்மதியான நாளில் பெரிய வெட்டவெளியும் ஓரத்தில் ஒரேயொரு மேகமும். மகள் விடுதிக்குப் போனபிறகு, போன் செய்யும்போதெல்லாம் அப்பாவிடம்தான் முதலில் பேசுவாள். அம்மாவோட வானிலை என்ன என்று விசாரிப்பாள். மேகமூட்டம், உன் மார்க்கைப் பற்றி இன்றைக்கு வாயைத் திறக்காதே என்று இவர் எச்சரித்து அனுப்புவார். இந்த வானிலை அறிக்கை தப்பியதே இல்லை.

பலகையில் அப்படிக் கொட்டுகிறவள் வாயில் மட்டும் பூட்டுப் போட்டிருந்தாள். அது எக்ஸ்ரே அறையின் சட்டம். படம் எடுப்பது அவள் வேலை, அதில் என்ன இருக்கிறது என்று சொல்வது டாக்டர் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அழுதுகொண்டிருந்த ஒரு அம்மாளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, ஒன்றும் இல்லை அம்மா, போய்ட்டு வாங்க என்று சொல்லிவிட்டாள். டாக்டர் பார்த்தபோது இருந்தது. அந்த அம்மாள் திரும்பி வந்து, இவளை ஒரு வார்த்தையும் திட்டாமல் பார்த்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் யார் கெஞ்சினாலும், யார் காலில் விழுந்தாலும் ஒரே பதில்தான்: டாக்டர் சொல்வார்.

இந்தச் சட்டம் தன் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

பாலிஷ்காரருக்கு இருமல் வந்தது. ஸ்பிரிட் நெடி, மரத்தூள், இதில் இருமல் வராவிட்டால்தான் ஆச்சரியம் என்று அவர் தட்டிக் கழித்தார். மூக்குக்குத் துணி கட்டச் சொன்னால் கழுத்தில் கட்டிக்கொள்வார். கஷாயம், தேன், வெந்நீர் என்று மாதங்கள் ஓடின. இருமல் போகிறதாக இல்லை. கடைசியில் ஒருநாள் அவள் விடாப்பிடியாக நின்று, கையோடு கூட்டிக்கொண்டு போனாள். நெஞ்சு டாக்டர் வெளியூர் போயிருந்தார், வார முடிவில்தான் வருவார். அதற்குள் படத்தை எடுத்து வைத்துவிடலாம் என்று அவளே அவரைக் கீழே அழைத்துப் போனாள்.

இத்தனை வருஷத்தில் அவர் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. சட்டையைக் கழற்றிவிட்டு, சில்லென்ற தகட்டில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு நின்றார். கூண்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது, நல்லா மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க என்று. வீட்டிலும் இதைத்தானே சொல்கிறாய் என்று இவர் கிண்டலடித்தார். அதற்கு அவள் சிரித்தாள். அப்புறம் வெளியே வந்தபோது சிரிக்கவில்லை. இன்னொரு தடவை நில்லுங்கள் என்றாள். பக்கவாட்டில் திருப்பி நிறுத்தி மறுபடியும் எடுத்தாள்.

“என்னம்மா, ஏதாவது தெரியுதா?” என்று கேட்டார்.

“சட்டையப் போட்டுக்கோங்க. டாக்டர் சொல்வாரு.”

ஊருக்கெல்லாம் சொல்கிற பதிலைப் புருஷனுக்கும் சொல்கிறாளே, எவ்வளவு கறார் என்று பெருமைப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தார் அந்த அப்பாவி மனுஷன்.

அன்று சாயங்காலம் அவள் வரைந்த வானத்தைப்போல அதற்கு முன்னால் அந்தக் கொடியில் ஒன்று தொங்கியதில்லை. மேலிருந்து கீழ்வரை இருட்டு. கறுப்பு வண்ணம் அவள் வாங்குவதே இல்லை. நீலத்தையும் பழுப்பையும் கத்தியால் அழுத்தி அழுத்திக் குழைத்து வந்த இருட்டு அது, பலகையே தெரியாத அளவுக்குத் தடிமனாக. அடியில் மட்டும் நூல் பிடித்தமாதிரி ஒரு மஞ்சள் கோடு. அந்தச் சாயங்காலம் வெளியே வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. மாடிவீட்டு டீச்சர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பாலிஷ்காரர் படத்தைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், ஆஸ்பத்திரியில் ஏதோ பெரிய சண்டை என்று முடிவுகட்டினார். அன்றைக்குக் கீழே போய்வந்த நோயாளிகளில் தானும் ஒருவர் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

அடுத்த நாட்களிலும் அவள் முகம் சரியில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை, கேட்டதற்குப் பதில் இல்லை. இவருக்கு மனசு கேட்கவில்லை. ஏதாவது செய்து அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. பாலிஷ்காரருக்கு என்ன செய்யத் தெரியும்? கொடியில் இருந்த அந்த இருட்டுப் படத்தை எடுத்துப் பார்த்தார். ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்து, ஒரு மேஜையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். படம் மங்கிக் கிடந்தது. பளபளப்பு இல்லாததுதான் குறை என்று அவருக்குப் பட்டது. விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்தார், ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று நினைத்தார். அவருடைய அரக்கு பாலிஷ் ஒரு டீ குடிப்பதற்குள் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் இத்தனை நாளாகியும் காயாமலா இருக்கும்?

அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பலகையைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். பஞ்சை உருட்டித் துணியில் கட்டி, ஸ்பிரிட் பாலிஷில் தோய்த்து, தன் கைக்குப் பழகிய வட்டங்களில் மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தார். நல்ல வேலைக்காரர்கள் கையைப் பார்க்க மாட்டார்கள், கையின் அசைவு போதும் அவர்களுக்கு. அவரும் பார்க்கவில்லை. அவள் வந்து பார்த்ததும் என்ன சொல்வாள் என்று யோசித்தபடியே தேய்த்தார். பிடி வழுக்குவதுபோல இருக்கவே குனிந்து பார்த்தால், பஞ்சு மூட்டை கருநீலமாகியிருந்தது. பலகையில் மேல் தோல் கிழிந்து, உள்ளே காயாமல் இருந்த வண்ணமெல்லாம் வெளியே வந்து, இருட்டும் மஞ்சளும் ஒன்றாகக் குழம்பிச் சேறாகிக் கிடந்தது. அந்த மெல்லிய கோடு இருந்த இடமே தெரியவில்லை.

துடைத்தால் சரியாகுமா என்று துடைத்தார். இன்னும் மோசமாயிற்று. ஒளித்து வைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியதும் உண்மை. ஆனால் தினமும் வீட்டுக்கு வந்ததும் கொடியை ஒரு பார்வை பார்க்கிறவளிடம் எதை ஒளிப்பது? சாயங்காலம் அவள் வந்தபோது பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டறை வாசலில் தப்பு செய்த பையனைப்போல நின்றார்.

“காஞ்சிருச்சுன்னு நெனச்சேம்மா. கொஞ்சம் பளபளப்பு ஏத்தலாம்னு...” என்று மென்று முழுங்கினார்.

அவள் பலகையை வாங்கிப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை.

“மேல தோல் கட்டிரும். உள்ள பச்சையாத்தான் இருக்கும். இவ்வளவு தடிமனாப் பூசினா, மேல எதையும் பூசறதுக்கு ஆறு மாசமாவது காத்திருக்கணும்” என்று நிதானமாக, பாடம் சொல்வதுபோலச் சொன்னாள். “ஆறு மாசம்” என்று இன்னொரு தடவை சொன்னாள். அந்த இரண்டாவது தடவையில் குரல் உடைந்தது. அப்படியே மரத்தூள் மேல் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பாலிஷ்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் இருக்கிற பலகையையெல்லாம் அறுத்துத் தருகிறேன், எத்தனை வேண்டுமானாலும் வரை, இனிமேல் உன் படத்தின் பக்கமே வரமாட்டேன் என்று என்னென்னவோ பிதற்றினார்.

“படத்துக்காக இல்லைங்க” என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், பேப்பரை விரித்து, அன்றைய வானத்தை வரைய உட்கார்ந்தாள்.

நெஞ்சு டாக்டர் ஊரிலிருந்து வந்ததும் இருவரும் போனார்கள். அவர் திரையில் படத்தைக் காட்டினார். வலது பக்கத்தில் புகைபோல ஒரு நிழல். சாதாரணச் சளிப் புண்ணாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம், மாத்திரை சாப்பிட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து மறுபடியும் படம் எடுத்துப் பார்ப்போம் என்றார். நிழல் சுருங்கினால் நல்லது. வளர்ந்தால் அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி, அறுத்துப் பார்ப்பது என்று போகும். மூக்கை மூடாமல் பாலிஷ் போட்டதற்கு ஒரு பாட்டம் திட்டும் விழுந்தது.

பாலிஷ்காரருக்கு டாக்டர் பேசியதில் பாதி காதில் ஏறவில்லை. அவர் அந்த இருட்டுப் படத்தையே நினைத்துக்கொண்டிருந்தார். அது சண்டை இல்லை. அது இதுதான். கூண்டுக்குள் திரையில் இந்தப் புகையைப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்க முடியாமல், வீட்டுக்கு வந்து பலகையில் இறக்கி வைத்திருக்கிறாள். அவள் பயந்த பயத்தை அவர் பளபளப்பு பத்தவில்லை என்று தேய்த்திருக்கிறார். ஆறு மாதம் என்றதும் அவள் ஏன் உடைந்தாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஆறு மாதத்தில் வண்ணம் காய்ந்துவிடும். அப்போது இவர் இருப்பாரா என்பதுதான் அவள் கேள்வி. பாழாய்ப்போன அந்தப் பலகையை அவர் தூக்கிப் போடவில்லை. பட்டறையில், கை துடைக்கிற துணிக்குப் பக்கத்தில், ஆணி அடித்து மாட்டிக்கொண்டார்.

அந்த மூன்று மாதம் அவள் இருந்த இருப்பை வேறு யார் இருந்திருக்க முடியும் என்று பாலிஷ்காரர் இன்றைக்கும் சொல்வார். விழுந்து புரண்டு அழவில்லை, ஊரைக் கூட்டவில்லை. மகளுக்குப் பரீட்சை, அவளிடம் மூச்சு விடவில்லை. தினமும் அந்தப் படிக்கட்டு இல்லாத சரிவில் இறங்கிப் போய், வந்தவர்கள் எல்லோருடைய நெஞ்சையும் தகட்டில் ஒட்டவைத்து, மூச்சைப் பிடிங்க, இப்போ விடுங்க என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் மேலே வந்து நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து வரைந்தாள். ஒருநாள்கூட விடவில்லை. சில நாள் மேகம் தரையை இடித்தது. சில நாள் எங்கோ ஒரு ஓட்டை விழுந்து வெளிச்சம் எட்டிப் பார்த்தது. ஒருநாள் வரைந்ததையெல்லாம் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் கீறலாகவே கொடியில் மாட்டினாள். அது முன்பு நடக்காத காரியம். மகள் போனில் வானிலை கேட்டபோது, மாறி மாறி இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தார்.

மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்கினார். மூக்கில் துணி கட்டினார். இருமல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஆனாலும் தினமும் டீ போடப் போகும் சாக்கில் மேடையைப் பார்த்துவிட்டு, டீ போடாமலே திரும்பிவிடுவார். ஒருநாள் அடக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

“டாக்டர் சொன்னதுகூட இல்லம்மா. நீ வரையறதப் பாத்தாதான் எனக்குப் பயமா இருக்கு.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “நிறுத்திரட்டுமா?”

“வேணாம். நிறுத்தினா அதைவிடப் பயமா இருக்கும்.”

அவள் தலையாட்டிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

மறுபடம் எடுக்கவேண்டிய நாள் வந்தது. பொழுது விடியும்போதே மழை. ஓயாத மழை. பகலா இரவா என்று தெரியாத அளவுக்கு இருட்டிக்கொண்டு, தெருவெல்லாம் குடைகளும் ஓடுகிற தண்ணீரும்தான். அவள் காலையிலேயே போய்விட்டாள். இவர் பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு போய், சரிவில் வழுக்காமல் இறங்கி, தன் முறை வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றினார். தகடு அதே சில்லிப்பு. மூச்சைப் பிடிக்கச் சொன்ன குரலில் ஏதாவது தெரிகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டார். முடிந்ததும் திரும்பி, கூண்டுக் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்க்கப் பார்த்தார். கண்ணாடியில் அவருடைய வெற்று மார்பும் முழித்த முழியும்தான் தெரிந்தன.

அவள் வெளியே வந்தாள். அவருடைய கண்ணைப் பார்க்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், டாக்டர் நாளைக்குக் காலையில் பார்ப்பார் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். கேட்டால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அவர் கேட்கவில்லை. இத்தனை வருஷம் அவள் கட்டிக்காத்த வாயைத் தனக்காகத் திறக்க வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

பட்டறையில் வேலை ஓடவில்லை. பாதி பாலிஷ் போட்ட கட்டில்கால் அப்படியே கிடந்தது. சாயங்காலம் கேட் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். அவள் தொப்பலாக நனைந்து வந்துகொண்டிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, புடவை காலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. குடை கையில்தான் இருந்தது, மடித்தபடி. குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் வருகிறாள் என்றால் படத்தில் என்ன பார்த்திருப்பாள் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

அவள் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள், வேறு புடவை மாற்றினாள், மேடையில் பேப்பரை விரித்தாள். இவர் முன்னறையில், சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். எட்டிப் பார்க்கிற தைரியம் இல்லை. கண்ணாடியில் கத்தி உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெளியே மழை தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் கத்தியின் சத்தம் அவ்வப்போது காணாமல் போகும், மறுபடி வரும். இருட்டைக் குழைக்கிறாளா, அழுத்தி அப்புகிறாளா என்று காதாலேயே படிக்கப் பார்த்தார். பிடிபடவில்லை. பட்டறையில் மாட்டியிருக்கிற அந்தச் சேற்றுப் பலகைதான் கண் முன்னால் வந்து வந்து நின்றது.

“என்னங்க, டீ போடறதுன்னா போட்டுக்கோங்க. முடிஞ்சுது” என்று கூப்பிட்டாள்.

எழுந்து போனார். மேடையருகே போய், ஒரு தடவை கண்ணை மூடித் திறந்துவிட்டுப் பார்த்தார்.

பலகை முழுக்க நீலம். கழுவித் துடைத்த நீலம், விளிம்பிலிருந்து விளிம்புவரை. இருட்டு எங்கேயும் இல்லை. கீழே, முன்பு நூல்கோடாக இருந்ததே, அந்த மஞ்சள் இப்போது அகலமாக விரிந்து மேலே ஏறி, பாதி வானத்தைப் பிடித்திருந்தது. மேகம் என்று ஒரேயொரு துணுக்கு, அதுவும் ஓரத்தில், போய்க்கொண்டிருக்கிற மாதிரி. தாராளமாக, கஞ்சத்தனம் பார்க்காமல் அப்பியிருந்தாள். வெயில் வாசலில் வந்து உட்கார்ந்தமாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் நெஞ்சு டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிழல் கரைந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னபோது, பாலிஷ்காரர் முதல் தடவையாகக் கேட்கிற முகத்தை வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தார். மனைவியின் சட்டத்துக்காக அந்த நடிப்பு. அது மறுநாள் கதை. இப்போது அவர் சமையல் மேடைக்கு முன்னால் நின்று, அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, காலையிலேர்ந்து மழைதானே பெய்யுது?” என்றார்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். நாற்காலியில் கிடந்த ஈரப் புடவையைப் பார்த்தாள். மடித்தபடியே இருந்த குடையைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள்.

“பெய்யுதா? நான் கவனிக்கவே இல்லைங்க.”

அவரும் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. படத்தைத் தொடவேண்டும்போல இருந்தது. வண்ணத்தைத் தொடாமல் பலகையின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டார். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் அவள் வாயால் கேட்கவேண்டும்போல இருந்தது.

“இது காய எவ்வளவு நாளாகும்?”

அவள் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “நல்லாத் தடிமனா பூசியிருக்கேன். ஆறு மாசமாவது ஆகும். காஞ்சதும் வார்னிஷ் நீங்களே அடிங்க.”